எட்டாவது எண்ணுக்கு

ரசீதில் பெனிட்டா, வயது பன்னிரண்டு.
கோடை நடனப் பயிற்சி, கட்டணம் ஆயிரத்து இருநூறு.
அடியில் எறும்பு எழுத்தில்:
எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது.

மூன்றாம் நாளே அவள்
போர்வையை இழுத்துக்கொண்டு
"போரடிக்குதும்மா" என்றாள்.
ஆயிரத்து இருநூறு ரூபாய்
மின்விசிறிக்கடியில் குறட்டை விட்டது.

விடிகாலை ஐந்தே முக்காலுக்கு
கொருக்குப்பேட்டை ரேஷன் கடை மேல்மாடிக்குப்
பணத்தைத் திருப்பிக் கேட்கத்தான் போனேன்.
லோகு மாஸ்டருக்கு இருபத்திமூன்று இருக்கும்.
ராத்திரி பிரியாணி டெலிவரி.
அந்தச் சிவப்பு டீஷர்ட்டோடே நின்றிருந்தான்.
"காசு ஸ்பீக்கருக்குப் போய்ட்ச்சுக்கா.
கடைசி வரிசைல ஒரு எடம் காலியாக் கீது.
நீ நில்லேன்."

நின்றேன்.
முன்னால் பத்தொன்பது பிள்ளைகள்,
இருப்பதிலேயே உயரமானவன் என் தோளுக்கு வருவான்.
வலதுகால் என்றதும்
பத்தொன்பது வலதுகால்கள்,
ஓர் இடதுகால்.
ஒன்பது வயது ரிஸ்வானா திரும்பிப் பார்த்து,
"ஆன்ட்டி, உங்க கை
ஆட்டோவ நிறுத்துறாப்பல கீது."

நோட்டீஸில் பயன்கள் போட்டிருந்தார்கள்.
தன்னம்பிக்கை, ஞாபகசக்தி, மேடைக்கூச்சம் நீங்குதல்.
எனக்கு முதலில் வந்தது தொடைப்பிடிப்பு.
அப்புறம் பசி.
மணி அடித்தால் சாப்பிடுகிறவள் நான்,
பசித்துச் சாப்பிட்டு எத்தனை வருஷம்!
இரண்டாவது வாரம்
பழைய சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து
வெங்காயத்தைக் கடித்த சத்தம்
எனக்கே கேட்டது.

திருவொற்றியூர்ப் பக்கம் கண்டெய்னர் யார்டில்
கேட் பாஸ் எழுதுகிறேன், பதினோரு வருஷமாக.
நாலு எழுத்து, ஏழு இலக்கம்,
லாரி நம்பர், சீல் நம்பர், கையெழுத்து, அடுத்தது.
நாற்காலியிலேயே இருந்து இருந்து
இடுப்புக்குக் கீழே ஒருத்தி இருப்பது
மறந்துபோயிருந்தது.
லோகு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியபோது
அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

எட்டோடு நிறுத்திவிடுவான்.
ஒன்பது என்பதே அங்கே கிடையாது.
எங்கே தடுக்கினாலும்
கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒன்று வரும்.
வட்டிக்காரர் நோட்டிலும் இப்படி வந்தால்
எவ்வளவு நன்றாயிருக்கும்.

ஏழு மணிக்கெல்லாம் அக்கினி நட்சத்திரம்
ஆஸ்பெஸ்டாஸ் மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.
மணலியிலிருந்து காற்று திரும்பிய நாளில்
மூச்சை மூன்றில் இழுத்து
ஏழில் விடக் கற்றோம்.
பாமாயில் வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்:
"மேல இன்னாடா, மாவு இடிக்கிறீங்களா?"

ரயில்வே கேட் மூடினால் இருபது நிமிஷம்.
எல்லாரும் ஆரன் அடிக்க
நான் செருப்புக்குள் கட்டைவிரலால் அடவு போட்டேன்.
கூட்ஸ் வண்டிக்கு ஐம்பத்தொரு பெட்டி.
ஆறு எட்டு போக மிச்சம் மூன்று.
அந்த மூன்றில் காலைத் தூக்கியபடி நின்றுவிட்டேன்,
கேட் திறந்து
பின்னாலிருந்த ஷேர் ஆட்டோ திட்டும்வரை.

மே முப்பத்தொன்று நிறைவு விழா.
பெனிட்டா கடைசி நாற்காலியில் போனோடு இருந்தாள்.
இரண்டாவது பாட்டில்
போனை மடியில் கவிழ்த்தாள்.
அதை மட்டும் பார்த்தேன்,
அதற்குள் ஒரு திருப்பம் தவறிப்போனது.
லோகு மைக்கில் லிஸ்டைப் படித்தான்:
"செல்வி பெனிட்டா, வயது பன்னிரண்டு,
சிறப்பாகப் பங்கேற்றமைக்காக."
முப்பத்தெட்டு வயதில் மேடையேறி
அவள் சான்றிதழை வாங்கி வந்தேன்.
ரிஸ்வானாதான் முதலில் விசில் அடித்தாள்.

ஜூனில் அதைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தாள்.
பிரேயரில் பேர் சொல்லிக் கைதட்டினார்களாம்.
ராத்திரி விளக்கை அணைத்தபின்
இருட்டிலிருந்து கேட்டாள்:
"அம்மா, யாராச்சும் ஆடிக் காட்டச் சொன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்தது.
தூங்கிவிட்ட மாதிரி படுத்துக்கொண்டேன்.

மறுநாள் யார்டில்
நாலு எழுத்தும் ஏழு இலக்கமும் எழுதியாயிற்று.
பேனா மட்டும் தாளுக்கு மேலே
அரை அங்குலத்தில் நிற்கிறது.
லாரிக்காரர் ஜன்னலில் குனிந்து கேட்கிறார்,
"இன்னும் இன்னா மேடம் பாக்கி?"

எட்டு, என்றேன்.
அப்புறம்
ஒன்று.